மாயாற்றுப் பாறுக் குஞ்சுகள்: கூட்டிலிருந்து எடுப்பதா, விடுவதா?

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட 2020–2025 பாறு (பிணந்தின்னிக் கழுகு) பாதுகாப்புச் செயல்திட்டம், உத்தரப் பிரதேசம், திரிபுரா, மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் புதிய இனப்பெருக்க மையங்கள் அமைக்கப்படும் என்றது. படிப்பதற்கு நல்ல செய்திதான். பணம் ஒதுக்கினால் கம்பிவலைக் கூண்டு எழும்பிவிடும். அதற்குள் விடப்போகும் பறவைகள் எங்கிருந்து வரும் என்று கேட்கும்போதுதான் பேச்சு தடுமாறத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் பாறுகள் கூடு வைத்து வாழும் முக்கியமான இடம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய சீகூர் பீடபூமியும்தான். அங்கே ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. பாறை முகடுகளில் கருங்கழுத்துப் பாறுகள் இருக்கின்றன. செந்தலைப் பாறு ஆங்காங்கே தனித்தனி இணையாக வாழ்கிறது. மூலப் பறவைகள் வேண்டுமென்றால் கை முதலில் நீளப்போவது இந்தக் கூடுகளை நோக்கித்தான்.

வழிகள் அதிகம் இல்லை. குஞ்சை எடுக்கலாம், முட்டையை எடுக்கலாம், வளர்ந்த பறவையை வலைபோட்டுப் பிடிக்கலாம். அடிபட்டு விழுந்து மீட்கப்பட்டவற்றை வைத்துக்கொள்ளலாம். ஹரியானாவின் பிஞ்சோர் இனப்பெருக்க மையத்தில் கூண்டிலேயே பிறந்தவற்றை வரவழைக்கலாம். அல்லது மையம் இப்போது வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்தைப் பள்ளத்தாக்குக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் செலவிடலாம். நான் கடைசி வழியின் பக்கம் சாய்கிறேன். ஆனால் குஞ்சு எடுப்பதே பாவம் என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வழிக்கு ஒரு வரலாறு உண்டு. அது இல்லாமல் போயிருந்தால் வட இந்தியாவில் இன்று காட்டில் விடுவதற்குப் பறவைகளே இருந்திருக்காது.

பிஞ்சோரில் ஏன் எடுத்தார்கள்

1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்தன. கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் சுமார் 97 சதவீதம் குறைந்தன. காரணம் தெரியாமலே பல ஆண்டுகள் கழிந்தன. தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிஞ்சோர் மையமும் 2001-ல் நோயுற்ற பாறுகளைப் பராமரித்து ஆராயும் இடமாகத்தான் தொடங்கியது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் முடிவு 2004-ல் வெளியானபோதுதான் குற்றவாளி டைக்ளோஃபினாக் என்று உறுதியானது. மாட்டுக்கு வலியும் வீக்கமும் குறைய ஊசியில் ஏற்றும் அதே மருந்து, அந்த மாடு இறந்தபின் அதன் இறைச்சியைத் தின்னும் பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இத்தனை பெரிய சரிவு நிகழும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அந்த நிலையில் இருந்த இடர்பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மருந்தைத் தடுக்கச் சட்டம் வரவில்லை. சட்டம் வந்தாலும் கடையில் இருக்கும் குப்பிகள் ஒரே நாளில் தீர்ந்துவிடாது. பாறுகளோ ஆண்டுதோறும் பாதியாய்க் குறைந்துகொண்டிருந்தன. கூட்டில் விட்டுவைத்த குஞ்சு வளர்ந்து பறந்து, ஏதோ ஒரு கிராமத்துச் சடலத்தில் இறங்கி, தானும் இறப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கூண்டுக்குக் கொண்டுவருவதால் காட்டுக்கு இழப்பு ஏறக்குறைய எதுவும் இல்லை. 2004-ல் வகுக்கப்பட்ட தெற்காசியப் பாறு மீட்புத் திட்டம் இதைத்தான் பரிந்துரைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறைகளும் சேர்ந்து பிஞ்சோரிலும், மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவாவிலும், அசாமின் ராணியிலும் மையங்களை நிறைத்தன. நேபாளமும் 2008 முதல் சித்வன் காட்டுக்குள் காசரா என்ற இடத்தில் இப்படியே ஒரு மையத்தைத் தொடங்கியது.

பலன் வருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். பிஞ்சோரில் வெண்முதுகுப் பாறின் குஞ்சு ஒன்று கூண்டில் பொரித்து வளர்ந்து பறந்தது 2008-ல். மெல்லிய அலகுப் பாறு 2009-லும் கருங்கழுத்துப் பாறு 2010-லும் அந்தக் கட்டத்தைத் தாண்டின. அங்கிருந்து எட்டு வெண்முதுகுப் பாறுகள் வானத்தில் விடப்பட்டது 2020 அக்டோபரில். திட்டம் தீட்டிய நாளிலிருந்து பதினாறு ஆண்டுகள். ஐந்து வயதுக்குமேல்தான் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவையிடம் அவசரம் காட்ட முடியாது.

பிடிப்பது என்றால் எதைப் பிடிப்பது

பிடித்தே ஆகவேண்டும் என்று வைத்துக்கொண்டால் முட்டை, குஞ்சு, வளர்ந்த பறவை மூன்றில் குஞ்சுதான் சிறந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வளர்ந்த பறவையை எடுத்தால் காடு இழப்பது ஒரு பறவையை மட்டும் அல்ல. அதன் இணையும் அந்தப் பருவம் வீணாக நிற்கும், கூட்டில் குஞ்சு இருந்தால் அதுவும் போகும். பாறுகளின் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் வளர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருப்பதை நம்பித்தான் ஓடுகிறது. போதாததற்கு, திறந்த வானத்தில் பல ஆண்டுகள் பறந்து பழகிய பறவை கூண்டுக் கம்பியில் மோதி இறகொடித்துக்கொள்ளும். புது இடத்தில் இணை சேர மறுக்கும்.

முட்டைக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் உண்டு. முதல் முட்டையைச் சீக்கிரமே எடுத்துவிட்டால் பெட்டை சில வாரங்களில் இன்னொன்று இடும் வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் காட்டுக்கும் ஒன்று, மையத்துக்கும் ஒன்று. பிஞ்சோரில் கூண்டுப் பறவைகளிடம் இந்த முறையைக் கையாண்டார்கள். அமெரிக்காவில் பாறைப்போலவே சடலம் தின்னும் பெரிய பறவையான கலிபோர்னியா காண்டார் அழிவின் விளிம்பில் நின்றபோது காட்டுக் கூடுகளிலிருந்தே முட்டைகளை எடுத்தார்கள். 1983-ல் சான் டியகோ விலங்குக்காட்சிச் சாலையில் முதல் குஞ்சு பொரித்தது. ஆனால் அது மனிதர் கையில் வளரும் குஞ்சு. தன்னை ஊட்டுகிறவரையே தன் இனம் என்று எடுத்துக்கொள்ளும் அபாயத்தைத் தவிர்க்க, காண்டார் தலை வடிவத்தில் கையுறைப் பொம்மை செய்து அதன் வழியாகத் தீனி கொடுத்தார்கள். அப்படி வளர்ந்தவை பின்னாளில் மனிதக் குடியிருப்புகளை நாடி வந்ததும், மின்கம்பங்களில் உட்கார்ந்து இறந்ததும் நடந்தது. மின்கம்பத்தை வெறுக்க அவற்றுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

மாயாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் இடும் முட்டையை எடுத்தால் மறுமுட்டை தை கடந்து போகும். அதில் வரும் குஞ்சு கோடையின் உச்சத்திலும் முதல் மழையிலும் கூட்டில் உட்கார்ந்திருக்கும். யானை நடமாடும் ஆற்றங்கரையில் மரம் ஏறி, ஐம்பது நாளுக்கு மேல் அடைகாக்க வேண்டிய ஒரு முட்டையைக் குலுங்காமலும் குளிராமலும் கொண்டுபோவது தனிச் சோதனை.

குஞ்சு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தாய் தந்தையிடம் வளர்ந்து தான் ஒரு பாறு என்று தெரிந்த வயது. இன்னும் பறக்கக் கற்காத வயது. அந்த இடைவெளி குறுகியது. குஞ்சு கூட்டில் மூன்றரை, நான்கு மாதம் இருக்கும். மிக இளசாக எடுத்தால் தானே கிழித்துத் தின்னத் தெரியாது, உடல்சூடு காக்கத் தெரியாது. மிக முற்றி எடுக்கப் போனால், ஏறுகிறவரின் தலை கிளைக்கு மேல் தெரிந்ததுமே கூட்டிலிருந்து குதித்துவிடும். முப்பது அடி, ஐம்பது அடி உயரத்திலிருந்து அரைகுறை இறகோடு விழும் குஞ்சை அப்புறம் என்ன செய்வது? எனவே ஏறுகிறவர் முக்கியமான ஆள். கூட்டுக்கு எட்டியதும் முதலில் செய்யவேண்டியது குஞ்சின் தலையைத் துணியால் மூடுவது. இருட்டானதும் அது அடங்கிவிடும். பயந்தால் இரைப்பையில் இருப்பதை எல்லாம் கக்கும். அந்த நாற்றத்துக்குப் பழகாதவர் பிடியை விட்டுவிடுவார். பையில் வைத்துக் கயிற்றில் இறக்கி, காற்றோட்டமுள்ள பெட்டியில் போட்டு, வெயில் ஏறுவதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். ஆணா பெண்ணா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு துளி இரத்தம் ஆய்வகத்துக்குப் போய் வந்தால்தான் இணை சேர்ப்பதைப் பற்றியே யோசிக்க முடியும்.

சரியாகச் செய்தால் இது நடக்கும். தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் காண்டார்தான் சாட்சி. 1980-ல் கூட்டுக்குப் போய் எடை பார்த்த ஆய்வாளர்களின் கையிலேயே ஒரு குஞ்சு இறந்தது. அதன்பின் அந்தத் திட்டத்துக்கான அனுமதிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் நம்பிக்கை திரும்ப ஆண்டுகள் ஆயின. காட்டில் இருந்த கடைசிப் பறவை வரை 1987-ல் பிடிக்கப்பட்டு, மொத்தம் 27 காண்டார்களே உலகில் மிஞ்சியிருந்தன. இன்று ஐந்நூறுக்கும் மேல். பிடித்தது சரிதான் என்று வரலாறு சொல்கிறது. ஆனால் 27 என்ற எண்ணில் நின்றவர்களின் முடிவு அது.

மீட்கப்பட்ட பறவைகளைப் பற்றி நீளமாகப் பேச எதுவும் இல்லை. அவற்றை மூலதனமாக வைத்துக்கொள்வதில் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் எப்போது, எத்தனை, எந்த இனம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒடிந்த சிறகோடு வரும் பறவை இணை சேரும்போது சமநிலை கொள்ளாமலும் போகலாம். மையம் தொடங்கினால் அவற்றுக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

மாயாற்றின் கணக்கு

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பு 2023 பிப்ரவரியில் 246 பாறுகளைக் கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் 320. அதில் வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47. அடுத்த கணக்கெடுப்பு 390 என்றது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவை பத்து மாதத்தில் 74 கூடிவிடாது. பார்த்த கண்களும் போன இடங்களும் அதிகமானதும் இதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் இது சரிகிற கூட்டத்தின் எண் அல்ல. பிஞ்சோரில் குஞ்சு எடுத்த காலத்தோடு இதை ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படவேண்டிய வேறுபாடு இதுதான்.

ஒரு மையத்துக்கு ஒருவருக்கொருவர் உறவில்லாத இருபது மூலப் பறவைகள் இருந்தால் காட்டுக் கூட்டத்தின் மரபணு வேறுபாட்டில் 97.5 சதவீதத்தைப் பிடித்துவிடலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 217 வெண்முதுகுப் பாறுகளில் பாதி முட்டையிடும் வயதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐம்பத்து நான்கு இணை. ஆளுக்கொரு முட்டை, சில கெடும், சில விழும். முப்பது முப்பத்தைந்து குஞ்சு பறந்தால் நல்ல ஆண்டு. இது மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து, என் ஊகக் கணக்கு. ஆண்டுக்குப் பத்து வீதம் இரண்டு ஆண்டு எடுத்தால், அந்த இரண்டு ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்கு போகிறது. எல்லாம் வளர்ந்திருக்காது என்பது உண்மை. இளம்பறவைகளில் கணிசமானவை முட்டையிடும் வயதை எட்டுவதில்லை. எனவே உண்மையான இழப்பு எட்டு பத்து வளர்ந்த பறவைகளுக்குச் சமம் என்று குறைத்தே சொல்லலாம். தாங்க முடியாத இழப்பல்ல. எதற்காகத் தாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பதில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது காப்பீட்டு வாதம்: ஒரே பள்ளத்தாக்கில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறீர்கள், ஒரே ஒரு சடலம் போதும். இதை லேசாகத் தள்ள முடியாது. 2022 மார்ச்சில் அசாமின் சாய்காவ்ன் பகுதியில் விஷம் கலந்த ஆட்டுச் சடலத்தைத் தின்று 97 பாறுகள் ஒரே இடத்தில் மடிந்தன. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் விஷம் வைத்த மாட்டுச் சடலத்தால் இரண்டு புலிகள் இறந்தன. அது மாயாற்றிலிருந்து பாறு பறந்துபோகும் தூரம்தான். அந்தச் சடலத்தில் முதலில் பாறுகள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு மாயாற்றுக் குஞ்சுதான் வேண்டுமா? வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் பிஞ்சோர் முதலிய மையங்களில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே பிறந்தவைதான் 2024-ல் மகாராஷ்டிரத்தின் தடோபாவுக்கும் பெஞ்சுக்கும் அனுப்பப்பட்டன. நாளை மாயாற்றில் ஒரு பேரழிவு நேர்ந்தால் மறுபடி விடுவதற்குப் பறவை இல்லாமல் போகாது. தெற்கத்திப் பறவைகளின் மரபு தனி என்று ஒருவர் வாதிட்டால் கேட்டுக்கொள்ளலாம். அதற்குக் குஞ்சை எடுக்க வேண்டியதில்லை, கூட்டின் கீழே உதிர்ந்து கிடக்கும் இறகை எடுத்து ஆய்வு செய்தாலே தெரிந்துவிடும். அந்த ஆய்வை முதலில் செய்துவிட்டு வாதத்தைத் தொடரட்டும்.

கூண்டுப் பறவை வெளியே வந்தபின் சந்திப்பது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தடோபாவில் பறக்கவிடப்பட்ட ஒரு பாறு மாநிலம் மாநிலமாகக் கடந்து புதுக்கோட்டை மாவட்டம் வரை வந்து, மின்சாரம் தாக்கி இறந்துபோனது. முட்டையிலிருந்து வானம் வரை அதற்காகச் செலவான ஆண்டுகளும் பணமும் ஒரு கம்பியில் முடிந்தன. காட்டில் பிறந்த பறவைக்கும் அதே கம்பிதான் காத்திருக்கிறது என்பதால், எந்தப் பறவைக்குச் செலவு செய்வது என்பதைவிடக் கம்பிக்குச் செலவு செய்வது இருவருக்கும் உதவும்.

பணத்தை எங்கே போடுவது

பிஞ்சோர் கூண்டு ஒன்று நூறு அடி நீளம், நாற்பது அடி அகலம், இருபது அடி உயரம். உள்ளே போடும் ஆட்டை முன்கூட்டியே வாங்கிச் சில நாள் கட்டி வைத்திருந்து, உடலில் மருந்து எச்சம் எதுவும் இல்லை என்று உறுதியானபின்தான் அறுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: கூண்டுக்குள் இருக்கும் பறவைக்கு நாம் செய்யும் மிகப்பெரிய உபகாரம் சுத்தமான சடலம். அதையே பள்ளத்தாக்குக்குச் செய்தால் கூண்டு தேவைப்படாது. செய்வது கடினம் என்பதால்தான் கூண்டு கட்டும் ஆசை வருகிறது. கூண்டுக்குத் திறப்பு விழா வைக்கலாம், சுத்தமான சடலத்துக்கு வைக்க முடியாது.

பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. கால்நடைக்கான டைக்ளோஃபினாக் 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தும் வழி, 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லிக்குக் குறைத்தபோது குறுகியது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. இதேபோலப் பாறுக்கு ஆபத்தான வலிமருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-ல் தடைக்கு உள்ளாயின, நிமிசுலைடு 2024 இறுதியில். மாற்று மருந்துகளான மெலோக்சிகாமும் டால்ஃபெனாமிக் அமிலமும் பாதுகாப்பானவை என்று தெரிந்து பல காலமாகிறது.

மீதி வேலை மருந்துக்கடைப் பலகையிலும் மாட்டுக்கொட்டகையிலும் இருக்கிறது. மாடு வீங்கிய மடியோடு நிற்கிறது, கால்நடை மருத்துவர் வர மாலை ஆகும், பக்கத்து ஊரில் ஊசி போடத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பையில் இருக்கும் குப்பி எது என்பதுதான் மொத்த விஷயமும். பாறு ஒரே நாளில் மாவட்டம் தாண்டி இரை தேடும் பறவை. அதனால்தான் இந்த மருந்துகள் இல்லாமல் வைக்கவேண்டிய பாறு பாதுகாப்பு மண்டலத்துக்கு நூறு கிலோமீட்டர் ஆரம் வைக்கிறார்கள். மாயாற்றிலிருந்து அப்படி ஒரு வட்டம் போட்டால் கோவை, ஈரோடு, வயநாடு, மைசூரு, சாமராஜநகரம் எல்லாம் அதற்குள் வரும். மையத்துக்கு ஒதுக்கும் பணத்தில் அந்த வட்டத்துக்குள் இறந்த மாடுகளின் ஈரல் மாதிரிகளைத் தொடர்ந்து சோதிக்கலாம், சாதாரண வாடிக்கையாளர்போலப் போய்க் கடைகளில் தடைசெய்த மருந்து கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம், மாடு இழந்த விவசாயிக்குப் புலி இழப்பீட்டை அதே வாரத்தில் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னது பாறுக்குத் தொடர்பில்லாததுபோலத் தோன்றும். விஷம் வைக்கும் கை இழப்பீடு தாமதமாகும்போதுதான் நீளுகிறது.

காட்டுக்குள்ளும் செய்ய ஒன்று உண்டு. இறந்த யானையையும் காட்டெருமையையும் பிரேதப் பரிசோதனை முடித்து எரிப்பதும் புதைப்பதும் வழக்கமாக இருந்தது. நோய்ச் சந்தேகம் இல்லாதவற்றைத் திறந்த இடத்தில் விட்டால் மருந்தில்லாத இரை இலவசமாகக் கிடைக்கிறது. உண்ணிச்செடிப் புதருக்குள் கிடக்கும் சடலம் வானத்திலிருந்து பாறின் கண்ணில் படாது என்பதால் புதர் நீக்கும் வேலையும் இதில் சேரும்.

எப்போது என் முடிவு மாறும்

நேபாளம் ஒரு நல்ல அளவுகோல். அங்கே குஞ்சும் எடுத்தார்கள், மருந்தை ஒழிக்கும் வேலையையும் தீவிரமாகச் செய்தார்கள். மருந்து குறையக் குறையக் காட்டுக் கூட்டம் தானே நிமிர்ந்தது. காசரா பறவைகளை 2017 முதல் வெளியே விட்டார்கள். காட்டை மீட்டதில் பெரும்பங்கு மருந்து ஒழிப்புக்குத்தான்.

அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் மாயாற்றில் கூடுகளின் எண்ணிக்கை குறைந்தால், அல்லது சடலச் சோதனையில் மருந்து எச்சம் மீண்டும் தலைகாட்டினால், குஞ்சு எடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். அப்போது அனுமதிக்காக ஓட நேரம் இருக்காது. பாறுகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை; தில்லியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குஞ்சைக்கூடத் தொட முடியாது. யார் ஏறுவார், எந்தக் கூடு, எத்தனை, எந்த மையத்துக்கு என்ற திட்டத்தை இப்போதே எழுதி ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. பாறைத்தேன் எடுக்கும் குறும்பர்களைவிடக் கயிற்றில் இறங்கத் தெரிந்தவர்களை வெளியூரில் தேடவேண்டியதும் இல்லை.

செந்தலைப் பாறு விஷயத்தில் மட்டும் எனக்கு இந்த உறுதி கிடையாது. அது கூட்டமாய் வாழாதது, இணைக்கு இணை எல்லை வகுத்துக்கொள்வது. காலனிக் கூண்டில் போட்டுத் தாமே ஜோடி சேரட்டும் என்று விட முடியாது. அதற்கென்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் 2024-ல்தான் ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். பிஞ்சோரில் இருப்பதுபோல எடுத்துக் கொடுக்கக் கையிருப்பு எங்கும் இல்லை. மூன்று மாநிலக் காட்டிலும் ஐம்பதைச் சுற்றி நிற்கும் பறவையில் ஒரு குஞ்சை எடுப்பது பெரிய இழப்பு; எடுக்காமல் ஐம்பதும் ஒருநாள் இருபதானால் அதைவிடப் பெரிய இழப்பு. கோரக்பூரில் முதல் குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை மாயாற்றின் செந்தலைக் கூடுகளை ஆளுக்கொன்றாகக் காவலர்களிடம் ஒப்படைத்து, பருவம் முழுவதும் குறிப்பெடுக்கச் சொல்வதுதான் இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வழி. அங்கே முறை கைவந்தபின், கூட்டிலிருந்து விழுந்தோ பெற்றோரை இழந்தோ நிற்கும் குஞ்சு கிடைத்தால், அதிலிருந்து தொடங்கலாம்.